அணையில் விட்டுவைத்த தண்ணீருக்கு என்ன விலை?

மின்சாரத் திட்டமிடலில் நான் முதன்முதலாக எழுதிய நிரல் சில நொடிகளில் ஓடி முடிந்தது. ஓர் அணை, இரண்டு அனல்மின் நிலையங்கள், பன்னிரண்டு மாதங்கள். இருப்பதிலேயே குறைந்த செலவில் மின்தேவையை நிறைவேற்ற வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. விடையை அச்செடுத்துக்கொண்டு மூத்த பொறியாளர் ஒருவரிடம் போனேன். அணையின் நீர்மட்டக் கோட்டை விரலால் தொடர்ந்துகொண்டே வந்தவர், கடைசி மாதத்தில் நிறுத்தினார்.

"இங்கே அணை காலியாகிவிட்டதே. தண்ணீருக்கு என்ன விலை போட்டீர்கள்?"

"விலை எதுவும் போடவில்லை சார். தண்ணீர் சும்மாதானே வருகிறது."

"சும்மா வருகிறது, சரி. சும்மா போகிறதா?"

அந்தக் கேள்வியோடுதான் இத்தனை வருடங்களாக இருக்கிறேன். நீர்மின் நிலையங்களும் அனல்மின் நிலையங்களும் சேர்ந்து இயங்கும் ஒரு மின்னமைப்பை எப்படித் திட்டமிடுவது என்பதற்கு எழுபது, எண்பது ஆண்டுகளாக எத்தனையோ கணித முறைகள் வந்திருக்கின்றன. பெயர்கள் பயமுறுத்தும். ஆனால் நீண்ட காலத் திட்டமிடலில் எல்லாமே கடைசியில் தேடுவது ஒன்றைத்தான்: இன்று திறந்துவிடாமல் வைத்திருக்கும் தண்ணீரின் மதிப்பு.

நிலக்கரிக்கோ எரிவாயுவுக்கோ விலைச்சீட்டு உண்டு. தண்ணீருக்கு இல்லை. ஆனால் இன்று ஒரு கனமீட்டர் தண்ணீரை டர்பைனில் விட்டால், நாளை அந்தத் தண்ணீர் இருக்காது. நாளை மழை பொய்த்தால், அதே மின்சாரத்தை விலை அதிகமான எரிபொருளைக் கொண்டு எடுக்கவேண்டும், அல்லது மின்வெட்டுதான். மழை கொட்டித் தீர்த்தாலோ, நேற்று மிச்சம் பிடித்த தண்ணீர் மதகு வழியாக வீணாகப் போகும். நேற்று எரித்த எரிபொருளும் வீண். இன்றைய முடிவு சரியா தவறா என்பது நாளைய மழையைப் பொறுத்தது. முடிவை மட்டும் இன்றே எடுத்தாக வேண்டும்.

அந்தப் பொறியாளர் எனக்கு ஒரு சின்னக் கணக்குக் கொடுத்துக் கையாலேயே போடச் சொன்னார். அதை இங்கே முழுசாகத் தருகிறேன், ஏனென்றால் பெரிய நிரல்கள் செய்வதும் இதையேதான்.

இரண்டே மாதங்கள். மாதத்துக்கு 100 யூனிட் தேவை. அணையில் இப்போது 90 யூனிட் மின்சாரத்துக்கான தண்ணீர் இருக்கிறது. முதல் மாதத்தில் வரத்து இல்லை. இரண்டாவது மாதத்தில், வறட்சியானால் 5 யூனிட் வரும், நல்ல மழையானால் 135 வரும், இரண்டுக்கும் சமவாய்ப்பு. அனல்மின் நிலையங்களில் ஒன்று மலிவு: யூனிட்டுக்குச் செலவு 2, அதிகபட்சம் 40 யூனிட். மற்றது யூனிட்டுக்கு 6, அதுவும் 40 யூனிட் வரை. அதற்கும் மேலே போனால் பற்றாக்குறை. யூனிட்டுக்கு 50 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது மாதம் முடிந்ததும் பெருமழைக் காலம், ஆகவே கடைசியில் மிஞ்சும் தண்ணீருக்கு மதிப்பில்லை.

நான் செய்த முதல் காரியம் சராசரி எடுத்தது. 5-க்கும் 135-க்கும் சராசரி 70. அப்படியானால் முதல் மாதம் 90 யூனிட் தண்ணீரையும் பயன்படுத்திவிட்டு, மலிவு நிலையத்தில் 10 யூனிட் எடுக்கலாம்; செலவு 20. அடுத்த மாதம் 70 தண்ணீரில், 30 மலிவு நிலையத்தில், செலவு 60. மொத்தம் 80. (முதல் மாதத்தில் 30 யூனிட் வரை மிச்சம் பிடித்தாலும் சராசரிக் கணக்கில் அதே 80தான் வருகிறது. மிச்சம் பிடிக்க ஒரு காரணமும் அந்தக் கணக்குக்குத் தெரியவில்லை.)

ஆனால் 70 என்ற வரத்து எந்த ஆண்டிலும் வரப்போவதில்லை. வருவது 5 அல்லது 135. அணையைக் காலி செய்துவிட்ட நிலையில் 5 வந்தால், 95 யூனிட் குறையும். இரண்டு நிலையங்களையும் முழுசாக ஓட்டி 80 எடுத்தாலும் 15 பற்றாக்குறை. அந்த மாதச் செலவு மட்டும் 1,070. நல்ல மழை வந்தால் செலவு பூஜ்யம். ஆக, 80 என்று எழுதிக்கொண்டுபோன திட்டத்தின் உண்மையான எதிர்பார்ப்புச் செலவு 555.

முதல் மாதத்தில் மலிவு நிலையத்தை முழு 40 யூனிட்டுக்கும் ஓட்டி, 30 யூனிட் தண்ணீரை விட்டுவைத்தால்? எதிர்பார்ப்புச் செலவு 195. அதற்கு மேலும் மிச்சம் பிடிக்க முதல் மாதத்திலேயே 6 விலை நிலையத்தைத் தொடவேண்டும், அது கட்டாது. ஏன் கட்டாது? அந்த இடத்தில் இன்னும் ஒரு யூனிட் தண்ணீரை விட்டுவைத்தால், வறட்சி வந்தால் 6 மிச்சம், மழை வந்தால் ஒன்றுமில்லை. பாதிக்குப் பாதி என்றால் 3. ஆக, அணையில் இருக்கும் அந்தக் கடைசி யூனிட் தண்ணீரின் விலை 3. 2-க்கு மின்சாரம் கிடைத்தால் வாங்கிக்கொண்டு தண்ணீரை வைத்திருக்கலாம். 6 கொடுக்கவேண்டியிருந்தால் தண்ணீரைத் திறந்துவிடவேண்டும். சும்மா வரும் தண்ணீருக்கு விலை வந்தது இப்படித்தான். நோட்டில் அந்த 3-ஐச் சுற்றி வட்டம் போட்டேன். நீரின் மதிப்பு என்று இத்துறையில் எல்லோரும் சொல்வது இதைத்தான். அணை நிரம்பி வழியும்போது அது பூஜ்யம். வற்றும்போது பற்றாக்குறையின் விலையை நோக்கி ஏறும்.

இந்தச் சிந்தனை கணினிகள் பரவுவதற்கு முந்தையது. பிரெஞ்சுப் பொறியாளர் பியர் மாஸே, சேமித்த நீரை எதிர்காலத்துக்கான கையிருப்பாகப் பார்த்து 1946-லேயே விரிவாக எழுதிவிட்டார். 1955-ல் அமெரிக்காவில் ஜான் லிட்டில், கொலம்பியா ஆற்றின் கிராண்ட் கூலி அணையை வைத்து, நிச்சயமில்லாத நீர்வரத்தோடு இதே கணக்கை அந்தக் காலத்து வேர்ல்விண்ட் கணினியில் போட்டார். வரிசைகளில் காத்திருப்பதைப் பற்றிய 'லிட்டில் விதி' இருக்கிறதே, அதே லிட்டில்தான். அவர் ஆய்வு தொடங்கியது அணைத் தண்ணீரில்.

அவர்கள் கையாண்ட வழி, ரிச்சர்ட் பெல்மன் டைனமிக் புரோகிராமிங் என்று பெயர் சூட்டிய முறை. கடைசி மாதத்திலிருந்து பின்னோக்கி வருவது. அணை எந்த மட்டத்தில் இருந்தால் இனிமேல் எவ்வளவு செலவாகும் என்று கடைசி மாதத்துக்கு ஓர் அட்டவணை, அதைக் கொண்டு அதற்கு முந்தைய மாதத்துக்கு ஓர் அட்டவணை, இப்படியே இன்றுவரை. ஓர் அணை என்றால் அழகாக வேலை செய்யும்.

அணைகள் கூடும்போதுதான் சிக்கல். ஒவ்வோர் அணைக்கும் 20 நீர்மட்டப் படிகள் என்று வைத்தாலே, 5 அணைகளுக்கு 32 லட்சம் சேர்க்கைகள். 10 அணைகளுக்கு 10 லட்சம் கோடியைத் தாண்டிவிடும். ஒவ்வொரு சேர்க்கைக்கும், ஒவ்வொரு மாதத்துக்கும், ஒவ்வொரு மழை வாய்ப்புக்கும் ஒரு கணக்குத் தீர்க்கவேண்டும். பெல்மனே இதைப் பரிமாணத்தின் சாபம் என்றார். சாபத்திலிருந்து தப்பிக்க, பல அணைகளைச் சேர்த்து ஒரே பெரிய அணையாகப் பாவிக்கும் வழக்கம் வந்தது. பிரேசிலில் நாட்டின் அணைகளை நான்கு பிராந்தியக் கையிருப்புகளாகத் திரட்டிக் கணக்கிட்டார்கள். வேலை நடக்கும். ஆனால் ஓர் ஆற்றுப் படுகையின் அணை நிரம்பி வழிய, அடுத்த படுகையின் அணை வறண்டு கிடக்கலாம். திரட்டிய கணக்கில் இரண்டும் சேர்ந்து பாதி நிரம்பிய ஒரே அணையாகத் தெரியும்.

இந்த இடத்தில்தான் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை வருகிறது. பிரேசிலின் மாரியோ பெரைராவும் லியோன்டினா பின்டோவும் 1980-களில் உருவாக்கி, 1991-ல் வெளியான கட்டுரையில் முழு வடிவம் கொடுத்த முறை: ஸ்டோகாஸ்டிக் டுயல் டைனமிக் புரோகிராமிங், சுருக்கமாக எஸ்டிடிபி. ஏறத்தாழ 40 நீர்த்தேக்கங்கள் கொண்ட அமைப்பைத் திரட்டாமல், தனித்தனியாக வைத்தே கணக்கிட்டுக் காட்டினார்கள்.

எதிர்காலச் செலவை ஒரு வளைகோடாக நினைத்துக்கொள்ளுங்கள். அணையில் தண்ணீர் குறைவாக இருந்தால் செலவு உச்சத்தில். தண்ணீர் கூடக்கூடச் செங்குத்தாக இறங்கி, பிறகு மெல்லத் தட்டையாகும். பானையின் அடிவயிற்றில் ஒரு பக்கம் போல. பழைய முறை இந்த வளைவில் ஒரு புள்ளி விடாமல் உயரத்தை அளக்கப் பார்த்தது. புதிய முறை அப்படிச் செய்வதில்லை. பானையின் அடியில் நேரான குச்சிகளைத் தொட்டபடி ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தால், குச்சிகள் சேரச்சேரப் பானையின் வடிவம் தெரிந்துவிடும் இல்லையா? அதுபோல, ஏதோ ஒரு நீர்மட்டத்தில் அடுத்த மாதக் கணக்கை லீனியர் புரோகிராமாக, அதாவது நேர்கோட்டுச் சமன்பாடுகளால் ஆன குறைந்தசெலவுக் கணக்காகத் தீர்த்தால், செலவு மட்டுமல்ல, அந்த இடத்துச் சரிவும் கூடவே கிடைக்கிறது. அந்தச் சரிவுதான் நாம் வட்டம் போட்ட 3, அதாவது நீரின் மதிப்பு. உயரமும் சரிவும் தெரிந்தால் ஒரு நேர்கோடு போடலாம். வளைவு குவிந்த வடிவில் இருக்கும்வரை அந்தக் கோடு எந்த இடத்திலும் வளைவைத் தாண்டி மேலே போகாது. இப்படிக் கோடுகளால் வெட்டிக்கொண்டே போகும் உத்தி டச்சுக் கணிதவியலாளர் ஜாக் பெண்டர்ஸ் 1962-ல் தந்தது. அதை மாதங்கள் தோறும் சங்கிலியாக இணைத்தது பெரைராவும் பின்டோவும்.

சரி, எந்த நீர்மட்டங்களில் கோடு போடுவது? எல்லா மட்டங்களிலும் போட்டால் பழைய சாபம் திரும்பிவிடும். இதற்கு அவர்கள் கண்ட வழி அருமையானது. முதலில் முன்னோக்கி ஓட்டுகிறார்கள்: ஏதோ ஒரு மழைத் தொடரை எடுத்து, இப்போது கையில் இருக்கும் கோடுகளை நம்பி, முதல் மாதத்திலிருந்து கடைசி மாதம் வரை இயக்கிப் பார்ப்பது. வழியில் அணைகள் எந்தெந்த மட்டங்களில் நின்றன என்று குறித்துக்கொள்வது. பிறகு பின்னோக்கி வரும்போது அந்த மட்டங்களில் மட்டும் புதிய கோடுகள். நடக்கக்கூடிய இடங்களில் மட்டும் அறிவு கூர்மையாகிறது. யாரும் போகாத மூலைகளுக்கு நேரம் செலவாவதில்லை. மாதத்துக்கு 20 மழை வாய்ப்புகள் என்றால் ஓர் ஆண்டுக்கே 4,096 லட்சம் கோடி மழைத் தொடர்கள் உண்டு. அவற்றில் சில நூறை மாதிரிக்கு எடுத்து ஓட்டியே நல்ல திட்டத்துக்கு வந்துசேர முடிகிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. கோடுகள் எப்போதும் வளைவுக்குக் கீழேயே இருப்பதால், செலவு இதற்குக் கீழே போகவே முடியாது என்ற எல்லை கிடைக்கிறது. முன்னோக்கிய ஓட்டங்களின் சராசரி, நம் திட்டம் உண்மையில் எவ்வளவு செலவழிக்கும் என்ற மதிப்பீட்டைத் தருகிறது. இரண்டும் நெருங்கிவிட்டால் மேலே தேட அதிகம் இல்லை. மரபணு வழிமுறை, துகள் கூட்டம் போன்ற, இயற்கையைப் பார்த்து உருவாக்கிய தேடல் முறைகளை நீர்மின் திட்டமிடலுக்குப் பயன்படுத்தும் கட்டுரைகள் ஆண்டுதோறும் வருகின்றன. நானும் சிலவற்றைச் செய்து பார்த்தேன். விடை வரும். ஆனால் அந்த விடை உகந்ததிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அவை சொல்வதில்லை, தண்ணீருக்கு விலையும் நேரடியாகத் தருவதில்லை. பல கோடி மக்களின் மின்சாரத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் அவற்றை முதன்மை முறையாக வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

குவிந்த வடிவம் என்ற நிபந்தனையை மட்டும் லேசாக விட்டுவிட முடியாது. 100 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர், 90 சதவீதத் திறனில், ஒரு கிலோவாட் மணி மின்சாரம் தர ஏறத்தாழ 4 கனமீட்டர் வேண்டும். அணையின் மட்டம் இறங்கினால் விழும் உயரமும் குறைகிறது. அதே மின்சாரத்துக்கு அதிகத் தண்ணீர் போகிறது. மின்சாரம் என்பது நீரோட்டமும் உயரமும் பெருகி வருவது, பெருக்கல் வந்தாலே குவிந்த வடிவம் கெடும். அதைச் சமதளங்களால் தோராயமாக்கிச் சமாளிக்கிறோம். அடுக்கடுக்கான அணைகளில் இன்னொரு விஷயம்: மேலணையில் விடும் தண்ணீர் கீழணைகள் ஒவ்வொன்றிலும் மறுபடி வேலை செய்கிறது. அதனால் மேலே இருக்கும் ஒரு கனமீட்டரின் விலை, கீழே அது கடந்துபோகும் எல்லா டர்பைன்களையும் சேர்த்தது. மேலணைகளை வைத்திருப்பவரும் கீழணைகளை வைத்திருப்பவரும் வெவ்வேறு ஆட்களானால் இந்த விலையை யார் யாருக்குத் தருவது என்பது தனிப் பஞ்சாயத்து.

நாள், மணிக் கணக்குகளுக்குப் போனால் பிரச்சினையின் முகமே மாறும். எந்த இயந்திரத்தை எப்போது ஏற்றி இறக்குவது என்று ஆம்-இல்லை முடிவுகள் வரும். முன்பு அதற்குக் கடினமான நிபந்தனைகளை விலையாக மாற்றித் தீர்க்கும் லக்ராஞ்சித் தளர்வு முறை. இப்போது பெரும்பாலும், ஆம்-இல்லையை 1, 0 என்று எழுதும் முழுஎண் கலந்த நேரியல் கணக்கு. பிரேசிலில் மூன்று நிரல்கள் சங்கிலியாக ஓடுகின்றன: ஐந்து ஆண்டுகளை மாத மாதமாகப் பார்க்கும் நியூவேவ், அடுத்த சில வாரங்களுக்கு டெகாம்ப், 2020-லிருந்து அன்றாட இயக்கத்துக்கு அரைமணிக் கணக்கில் டெசெம். பெரியது கண்டுபிடித்த நீரின் மதிப்பைச் சிறியது வாங்கிக்கொள்கிறது. நியூவேவில் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னால் இன்னும் சில ஆண்டுகளை ஒட்டவைத்து ஓட்டுவார்கள், கடைசி மாதத்தில் அணையைக் காலி செய்துவிடாமல் இருக்க. அதைப் படித்தபோது என் முதல் நிரலின் அந்த நீர்மட்டக் கோடுதான் கண்முன் வந்தது.

இவ்வளவு நல்ல கணிதம் இருந்த அதே நாட்டில்தான் 2001-ல் மின்பங்கீடு வந்தது. அப்போது பிரேசிலின் மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு நெருக்கமாக நீர்மின்சாரம். மழைக்காலம் முடியும்போது தென்கிழக்கு அணைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர். ஜூன் 2001 முதல் பிப்ரவரி 2002 வரை, பெரும்பாலான நுகர்வோர் பயன்பாட்டை 20 சதவீதம் குறைக்கவேண்டியிருந்தது. தென்பகுதி அணைகளில் தண்ணீர் இருந்தது. அந்த மின்சாரத்தை வேண்டிய அளவு வடக்கே கொண்டுவர மின்தடங்கள் போதவில்லை. மழைக் குறைவு மட்டும் காரணமல்ல, கட்டவேண்டிய நிலையங்களும் தடங்களும் காலத்தில் வரவில்லை என்று அரசு அமைத்த ஆய்வுக் குழு எழுதியது. நிரலுக்குள் ஒரு மின்நிலையம் அடுத்த ஆண்டு வரும் என்று எழுதிவைத்தால், நிரல் அதை நம்பி இன்றைக்குத் தண்ணீரைத் தாராளமாகச் செலவிடும். நிலையம் வராவிட்டால் அந்தத் தண்ணீரும் திரும்பி வராது. நீர்வரத்தைச் சந்தேகத்தோடு பார்க்கும் நாம், கட்டுமானத் தேதிகளை மட்டும் சத்தியவாக்காக எடுத்துக்கொள்கிறோம். இது எனக்கு இன்னும் கவலை தரும் விஷயம்.

எதிர்பார்ப்புச் செலவு என்பதே போதுமான அளவுகோலா என்ற கேள்வியும் பின்னால் வந்தது. சராசரியில் நல்ல திட்டம் மோசமான ஆண்டில் தாங்க முடியாததாக இருக்கலாம். அதனால் மிக மோசமான சில வாய்ப்புகளின் செலவுக்குக் கூடுதல் எடை கொடுக்கும் சிவார் என்ற அளவை 2013-ல் பிரேசில் தன் நிரல்களில் சேர்த்தது. விளைவு, தண்ணீரின் விலை ஏறும், அனல்மின் நிலையங்கள் முன்னதாகவே ஓடத் தொடங்கும், சராசரிச் செலவு கொஞ்சம் கூடும். எவ்வளவு எடை கொடுப்பது என்பதைக் கணிதம் சொல்லாது. மின்வெட்டை எவ்வளவு தூரம் தாங்கலாம் என்று மக்கள்தான் தீர்மானிக்கவேண்டும். அதைப் பொதுவில் விவாதிக்காமல் ஒரு நிரலின் அமைப்புப் பக்கத்தில் எண்ணாக எழுதிவிடுவது சரியில்லை என்பது என் கருத்து.

அப்புறம் ஓர் ஆய்வுக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு வருடம் எங்கள் திட்டம் தண்ணீரை வைத்துக்கொண்டு அனல்மின் நிலையங்களை ஓட்டச் சொன்னது. ஓட்டினார்கள். பிறகு நல்ல மழை. அணை நிரம்பி மதகுகள் திறந்தன. கூட்டத்தில் அந்த மதகுகளின் படத்தைத் திரையில் போட்டு, இவ்வளவு தண்ணீர் வீணாகப் போகும்போது எதற்காக எரிபொருளை எரித்தீர்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நான் அந்தப் பழைய நோட்டை எடுத்துவந்திருந்தேன். 30 யூனிட்டை விட்டுவைத்து மழை வந்தால் மொத்தச் செலவு 80. விட்டுவைக்காமல் இருந்திருந்தால் 20. ஆக 60 கூடுதல், உண்மை. விட்டுவைத்து வறட்சி வந்தால் 310. விட்டுவைக்காமல் இருந்தால் 1,090. 780 மிச்சம்.

"வறட்சிக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று யார் சொன்னது?" என்று ஒருவர் கேட்டார். அன்று வந்த கேள்விகளில் சிறந்தது அதுதான். பலகையிலேயே கணக்குப் போட்டோம். 14-ல் ஒரு முறை வறட்சி வந்தாலே, 30 யூனிட்டை விட்டுவைப்பதும் விட்டுவைக்காததும் சமமாகிவிடுகிறது. 15 யூனிட்டை மட்டும் விட்டுவைப்பதென்றால் 25-ல் ஒரு முறை போதும். அதற்கு மேல் அடிக்கடி வந்தால் வைத்திருப்பதே லாபம். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கேள்வி கேட்டவரே பழைய நீர்வரத்துப் பதிவேடுகள் எங்கே இருக்கின்றன என்று விசாரித்தார். அன்று மாலை அவரும் நானும் பதிவேடுகளை மேசையில் பரப்பி, வறண்ட ஆண்டுகளை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தோம்.